பச்சை மூட்டைக்குள் ஒரு திருடன்

அத்தியாயம் 4

துப்பறிகிறவரைக் கூப்பிடும்போதே திருடன் யார் என்பதையும் சொல்லிவிட்டால், அவருக்கு அங்கே என்னதான் வேலை? காலையிலிருந்து திருகாணியை அரித்துக்கொண்டிருந்த எரிச்சல் இதுதான். ஆள் குள்ளம், ஒல்லி. ஒரு விஷயத்தில் இறங்கிவிட்டால் திருகிக்கொண்டே உள்ளே போவாரே தவிர வெளியே வரமாட்டார் என்பதால் தொழிலில் அவருக்கு அந்தப் பெயர். இன்று என்னவோ போகிற பக்கமெல்லாம் கருங்கல்லாக இருந்தது.

"சார், அந்த நர்சரிக்காரர் பொய் சொல்ற மாதிரி தெரியல," என்றான் ரேடியோ, காரை ஓட்டிக்கொண்டே. அவருடைய உதவியாளன். நிறுத்தும் பொத்தான் இல்லாமல் பிறந்தவன்.

"அவர் பொய் சொல்லலன்னா, நாம காலையில இருந்து வெட்டி வேலை பாத்திருக்கோம்னு அர்த்தம்."

"அதைத்தான் சார் கொஞ்சம் மரியாதையா சொன்னேன்."

கார் ஏசி வெந்நீர் ஆவியை விட்டுக்கொண்டிருந்தது. திருகாணி கண்ணாடியை இறக்கினார். பாதியில் அது சிக்கிக்கொண்டது. அதையும் இன்றைய கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். ஒரு விதை நிறுவனத்தின் சோதனைப் பண்ணை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மக்காச்சோள வயல். ஒன்றுக்குச் சாதாரண யூரியா, மற்றதற்குப் பூச்சு பூசிய புதுப் பச்சை உரம். எது நன்றாக வரும் என்று பார்க்கத்தான் சோதனை. பச்சை உரம் போட்ட வயல் படுத்துவிட்டது. நல்ல உரத்தை வெளியே, அநேகமாக அந்த நர்சரிக்கு, விற்றுவிட்டு மூட்டைக்குள் போலியை நிரப்பிவிட்டார் என்று ஸ்டோர் கீப்பர் மேல் பழி விழுந்திருக்கிறது. மத்தியானம் தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய மனிதர்கள் வருகிறார்கள். அவர்கள் தலையாட்டியதும் பண்ணை மேனேஜர் போலீஸுக்குப் போன் செய்வார்.

இதில் திருகாணியை உறுத்திய சங்கதி ஒன்று உண்டு. பழி சொன்னவர் சோதனையை நடத்தும் மண் டாக்டர் அம்மாள். பழி சுமப்பவர் அவருடைய சொந்த அக்கா வீட்டுக்காரர். தங்கையின் பேச்சைக் கேட்டு அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்கே வந்துவிட்டாளாம். காலையில் ஸ்டோர் கீப்பரிடம் பேசப் போனபோது, மேனேஜர் அறை வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த மனிதர் ஒரே ஒரு பதில்தான் சொன்னார்.

"கண்டுபிடிக்கத்தானே வந்தீங்க? கண்டுபிடிங்க."

திருகாணிக்குப் பேசாத சாட்சியைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும்.

*

மண் டாக்டரின் அறையில் எங்கே பார்த்தாலும் மண்தான். பொட்டலம் கட்டிய மண், தட்டில் காயவைத்த மண், கண்ணாடிக் குழாயில் கரைத்து வைத்த மண். மண்ணைப் பற்றிப் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர் என்பதால் பண்ணையில் எல்லோருக்கும் அவர் மண் டாக்டர். நாற்காலியைத் துடைக்காமல் உட்கார முடியவில்லை.

"நர்சரியில என்ன சொன்னாங்க?"

"அவங்ககிட்ட இருக்கிற பச்சை உரம் வேற கம்பெனி மேடம். வேற உருண்டை, வேற பச்சை. உங்க ஸ்டோர் கீப்பர் அந்தப் பக்கமே வந்ததில்லையாம்."

"அப்ப வேற எங்கயாவது வித்திருப்பார்."

"முடிவை நீங்க வச்சுக்கிட்டு, காரணத்தை மட்டும் என்னைத் தேடச் சொல்றீங்க."

"நான் கண்ணால பாத்தேன் சார்." அவர் குரல் உயரவில்லை. ஆனால் பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார். "சாதா யூரியாவைப் போட்டா முதல் தண்ணியிலேயே கரைஞ்சிடும். கொஞ்சம் காத்துல போயிடும், கொஞ்சம் தண்ணியோட கீழ இறங்கிடும். பயிருக்குக் கிடைக்கிறது மிச்சம் மீதிதான். இந்தப் பச்சை உருண்டை மேல பிசின் மாதிரி ஒரு தோல் இருக்கு. தண்ணி மெதுவா உள்ள போயி, உள்ள இருக்கிற யூரியாவைக் கரைச்சு, கொஞ்சம் கொஞ்சமா வெளிய விடும். பயிர் வளர வளர அதுக்குக் கிடைச்சுக்கிட்டே இருக்கும். விதைக்கும்போது ஒரு தடவை போட்டாப் போதும். குறைச்ச உரம், வீணாப் போறதும் கம்மி."

"குழந்தைக்கு ஒரு மாசச் சாப்பாட்டை ஒரே நாள்ல திணிக்காம, வேளாவேளைக்கு ஊட்டுற மாதிரி," என்றான் ரேடியோ.

"அதேதான். ஆனா எங்க வயல்ல முளைச்ச உடனே இலை ஓரம் கருகிப்போச்சு. இப்ப அடி இலை பூரா மஞ்சள். முதல்லயே மொத்தத்தையும் கொட்டிட்டு அப்புறம் பட்டினி போட்ட பயிர் சார் அது. விதைப்புல மிச்சமான மூட்டையில இருந்து ஒரு கை எடுத்துத் தண்ணியில போட்டேன். உடனே கரைஞ்சிடுச்சு. தோல் இருந்தா கரையுமா? சாதா யூரியாவுக்குப் பச்சைச் சாயம் அடிச்சு நிரப்பியிருக்கார். ஸ்டோர் சாவி அவர்கிட்ட மட்டும்தான் இருந்துச்சு."

கேட்கக் கேட்கத் திருகாணிக்கே அது சரி என்று பட்டது. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. ஓட்டை இல்லாத கதையில் திருகாணி எங்கே இறங்குவது?

அப்போது அவர் சட்டைப் பைக்கு மேலே சுரீரென்று தண்ணீர் பீய்ச்சி அடித்தது.

ஜன்னல் ஓரத்தில் ஒரு தொட்டியில் மிளகாய்ச் செடி தளதளவென்று நின்றுகொண்டிருந்தது. ரேடியோவின் இரண்டு விரல்களுக்கு நடுவே, தொட்டியிலிருந்து எடுத்த ஒரு பச்சை உருண்டை சப்பையாகிக் கிடந்தது.

"சார், சும்மா அமுக்கினேன். கண்ணுக்குக் குறி வைக்கல, அதுவரைக்கும் சந்தோஷப்படுங்க."

"கையை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா?" கைக்குட்டையைத் தேடிய திருகாணி பாதியில் நிறுத்தினார். "மேடம், இது என்ன?"

"கம்பெனிக்காரங்க குடுத்த சாம்பிள் பொட்டலம். தொட்டியில போட்டுப் பாத்தேன். உள்ள இருக்கிற யூரியா தீர்ந்ததும் தோல் மட்டும் தண்ணியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்."

"அந்தத் தோல் மண்ணுல மக்காதா?"

"சீக்கிரம் மக்காது. அதுதான் இதுல இருக்கிற பெரிய குறையே."

திருகாணி எழுந்துவிட்டார். "அப்ப நல்ல உரம் போட்டிருந்தா வயல்ல தோல் கிடக்கணும். சாயம் அடிச்ச யூரியான்னா தோலே இருக்கக் கூடாது. தோண்டிப் பாத்தீங்களா?"

மண் டாக்டர் பேனாவை மூடினார். "கரைஞ்சதைக் கண்ணால பாத்துட்டேனே. அப்புறம் எதுக்குத் தோண்டணும்?"

வாழ்நாள் முழுவதும் மண்ணைத் தோண்டியே படித்த அம்மாள், தோண்ட வேண்டிய ஒரே இடத்தில் தோண்டவில்லை. திருகாணி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ரேடியோ சொல்வதற்குள் அவன் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார்.

*

வயலில் நிழல் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. இடது பக்கம் சாதாரண யூரியா போட்ட பயிர், சுமாரான பச்சையில். வலது பக்கம் கதையே வேறு. அடி இலைகள் நுனியிலிருந்து நடு நரம்பு வழியாக மஞ்சள் ஓடி, சோர்ந்து தொங்கின. பார்க்கவே பாவமாக இருந்தது.

ரேடியோ கொத்தினான். திருகாணி மண்ணை விரலால் துழாவினார். ஒன்றும் இல்லை. அடுத்த வரிசை. ஒன்றும் இல்லை. பச்சை உருண்டை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

"சார், மேடம் சொன்னதுதான் கரெக்ட்டோ? தோலும் இல்ல, ஒண்ணும் இல்ல. பேசாம போலீஸுக்கு நாமளே போன் பண்ணிட்டா நிழலுக்காவது போலாம்."

"கொத்து."

"கொத்துறேன். என் முதுகுல யூரியா போட்டிருக்காங்களான்னும் ஒரு தடவை பாத்துடுங்க, அதுவும் கருகுது."

திருகாணிக்குக் கோபம் எங்கே போவதென்று தெரியாமல் கண்ணில் வந்து நின்றது. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அந்த மனிதர் திருடனாகவே இருந்துவிட்டால் வேலை சுலபம். ஆனால் திருடியவன் "கண்டுபிடிங்க" என்று அப்படி வெறுப்போடு சொல்வானா? கையிலிருந்த மண்ணை எரிச்சலில் பக்கத்திலிருந்த தண்ணீர் வாளிக்குள் வீசினார்.

மண் அடியில் இறங்கியது. மேலே பச்சையாக என்னவோ மிதந்தது.

ரேடியோ அதை விரல் நுனியில் ஒட்டி எடுத்தான். நகத்தளவு கூட இல்லை. வளைந்த சின்னச் சில்லு. "முட்டை ஓடு மாதிரி இருக்கு சார்."

இன்னும் மண்ணை அள்ளிப் போட்டார்கள். ஒவ்வொரு கைக்கும் சில்லு சில்லாக மிதந்து வந்தது. பாதி, கால், கிழிசல். முழு உருண்டை ஒன்றுகூட இல்லை.

"சாயம் இப்படி வளைஞ்சு நிக்காது," என்றார் திருகாணி. "இது தோல்தான். போட்டது நல்ல உரம். ஸ்டோர் கீப்பர் திருடல."

"அப்பாடா. கேஸ் முடிஞ்சுது."

"எங்க முடிஞ்சுது? திருடன் போயிட்டான், குத்தம் அப்படியே நிக்குது. எல்லாத் தோலையும் உடைச்சது யாரு? இதைச் சொல்லாம அந்த மனுஷனை விடச் சொன்னா யார் விடுவாங்க?"

ரேடியோ மண்வெட்டியைக் கீழே போட்டான். சில்லுகளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டான்.

*

"அப்படின்னா கம்பெனிக்காரன் மட்டமான சரக்கை அனுப்பியிருக்கான்," என்றார் மண் டாக்டர், ஸ்டோருக்குள் நடந்துகொண்டே. ஒரு திருடனை இழந்த கையோடு அடுத்தவனைப் பிடித்துவிட்டார். ஸ்டோர் கீப்பரிடமிருந்து வாங்கி வைத்த சாவியோடு கூட வந்த பண்ணை மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

ஸ்டோர் என்பது தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. ஒரு பக்கம் வெள்ளை மூட்டைகள், மறுபக்கம் பச்சை மூட்டைகள். பிரிக்காத பச்சை மூட்டைகள் ஒழுங்காக அடுக்கியிருக்க, விதைப்பில் மிச்சமான பாதி மூட்டை தனியாகச் சாய்ந்து நின்றது. ஒரே லாரியில் வந்த சரக்கு என்று மேனேஜர் சொன்னார்.

திருகாணி பிரிக்காத மூட்டை ஒன்றின் தையலை அவர் முன்னாலேயே அறுத்தார். அதிலிருந்து ஒரு கை, பாதி மூட்டையிலிருந்து ஒரு கை. இரண்டு தம்ளர் தண்ணீரில் தனித்தனியாகப் போட்டு ரேடியோவின் இரண்டு கைகளில் கொடுத்தார்.

"என்ன தெரியுது?"

"இடது கையில ஒண்ணும் தெரியல. வலது கையில யாரோ ஐஸ் வச்ச மாதிரி இருக்கு."

"யூரியா கரைஞ்சா தண்ணி ஜில்லுன்னு ஆயிடும்," என்றார் மண் டாக்டர், தன்னையறியாமல்.

மேனேஜரும் இரண்டையும் தொட்டுப் பார்த்தார். வலது தம்ளரில் பச்சைச் சில்லுகள் மிதந்தன, தண்ணீரில் சாயம் ஏறவில்லை. இடது தம்ளரில் உருண்டைகள் அடியில் அசையாமல் கிடந்தன.

"பிரிக்காத மூட்டையில தோல் நல்லா இருக்கு. ஆக, கம்பெனியும் தப்பு பண்ணல," என்றார் திருகாணி. ஜெயித்த குரலில் சொல்ல வேண்டிய வாக்கியம். பல்வலிக்காரர் போலச் சொன்னார். திருடனும் இல்லை, ஏமாற்றுக்காரனும் இல்லை. இனி யாரைப் பிடிப்பது?

வெளியே கார் ஹார்ன் அடித்தது. "வந்துட்டாங்க," என்று மேனேஜர் ஓடினார். ஓடுகிறபோதே, "யாரு என்னன்னு தெளிவா ஒரு பதில் குடுங்க சார். இல்லன்னா நான் ஏற்கெனவே சொன்னதைத்தான் சொல்லுவேன்," என்றார்.

அதாவது, போலீஸ். திருகாணிக்குக் கால் வலித்தது, சட்டை ஈரம் காய்ந்து கறையாகியிருந்தது. போதும் என்று பக்கத்திலிருந்த வெள்ளை மூட்டையின் மேல் தொப்பென்று உட்கார்ந்தார்.

அடுத்த நொடி முகம் சுளித்து எழுந்துவிட்டார்.

"என்ன சார்?"

"இது மூட்டையா, பாறாங்கல்லா?"

கதவு திறந்ததும் பின்னாலேயே வந்து மூலையில் கிழிந்த சாக்குகளைத் தைத்துக்கொண்டிருந்த மேஸ்திரி அம்மா சிரித்தாள். கூலி ஆட்களுக்குத் தலைவி. "சாதா யூரியா அப்படித்தாங்க. ஈரக்காத்து பட்டா இறுகிப் போயிடும்."

"இப்படி இருந்தா விதைக்கிற மிஷின்ல எப்படிப் போடுவீங்க?"

அவள் எழுந்து, கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு மரச் சம்மட்டியை எடுத்து வந்தாள். வெள்ளை மூட்டையைத் தரையில் சாய்த்து, பிரிக்காமலேயே நாலு போடு போட்டாள். புரட்டிப் போட்டு இன்னும் நாலு. மூட்டை தளர்ந்து படுத்தது.

திருகாணி சம்மட்டியையே பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "பச்சை மூட்டையும் இப்படி இறுகுமா?"

"அது இறுகாதுங்க. மணல் மாதிரி ஓடும்."

"அப்ப அதை அடிக்க வேண்டியதே இல்ல."

"வேண்டியதில்லதாங்க." மேஸ்திரி அம்மா மண் டாக்டரை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். "ஆனா அடிச்சோம்."

"ஏன்?"

"மேடம்தான் விதைக்கிற அன்னிக்கு எங்க எல்லாரையும் நிக்க வச்சு சொன்னாங்க. ஒரு வயலுக்கு என்ன செய்றீங்களோ அதையேதான் இன்னொரு வயலுக்கும் செய்யணும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது, உரத்தைத் தவிர எல்லாம் ஒண்ணா இருக்கணும்னு. அதான் இதுக்கு எத்தனை அடியோ, அதுக்கும் அத்தனை அடி. எண்ணித்தாங்க அடிச்சோம்."

ரேடியோ சம்மட்டியைத் தூக்கி எடை பார்த்தான்.

மண் டாக்டர் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். அவர் முகத்தில் முதலில் வந்தது வருத்தம் இல்லை, ஆத்திரம். "எத்தனை பேர் சோதனைன்னு பேர் பண்ணி ஏனோதானோன்னு செய்றாங்க. நான் ஒழுங்கா செஞ்சேன் சார். ஒரு இம்மி பிசகாம செஞ்சேன்."

"தெரியுது மேடம். அதனாலதான் ஒரு உருண்டை கூடத் தப்பிக்கல."

சொல்லியிருக்க வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் திருகாணிக்குத் தோன்றியது. மேஸ்திரி அம்மா ஊசியை எடுத்துக்கொண்டு நாசூக்காக வெளியே போய்விட்டாள்.

"லாரியில வரும்போது உடைஞ்சிருக்கும்னு சொல்லலாம்," என்றார் மண் டாக்டர், தரையைப் பார்த்து. "மாமா தப்பிச்சிடுவார். நானும்..."

"ஒரே லாரியில வந்த மத்த மூட்டை எல்லாம் நல்லா இருக்கு. மேனேஜர் தொட்டுப் பாத்திருக்கார். சரி, அவங்க நம்பறாங்கன்னே வைங்க. உங்க அக்கா நம்புவாங்களா? உங்க மாமாவை நீங்க பொய் சொல்லிக் காப்பாத்துனதா நினைச்சுக்க மாட்டாங்களா? காலம் பூரா அந்த வீட்டுல ஒரு திருடன் இருப்பான்." திருகாணி கையைத் தட்டி மண்ணை உதறினார். "கண்டுபிடிக்கிறது என் வேலை. சொல்ல வேண்டியது நீங்க."

*

மேனேஜர் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே மண் டாக்டரின் குரல் மட்டும் கேட்டது, வார்த்தைகள் கேட்கவில்லை. நடுவில் ஒரு நாற்காலி நகர்ந்த சத்தம். பிறகு வேறு யாரோ நீளமாகப் பேசினார்கள். வாசல் பெஞ்சில் ஸ்டோர் கீப்பர் நிமிர்ந்து உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். திருகாணி நடந்ததையெல்லாம் அவரிடம் சொல்லியிருந்தார். இந்த மனிதரிடம் ஒரு நன்றிகூடத் தேறாது போலிருக்கிறதே என்று திருகாணிக்குச் சலிப்பாக வந்தது.

கதவு திறந்தது. மண் டாக்டரின் கண்கள் சிவந்திருந்தன.

"போலீஸ் வராது மாமா. அடுத்த சோதனையை வேற ஆள்கிட்ட குடுக்கப் போறாங்க. அது என் தலையெழுத்து." அவர் நின்றார். "மன்னிச்சிடுங்க மாமா."

"எங்கிட்ட எதுக்கு?" ஸ்டோர் கீப்பரின் குரல் கரகரத்தது. "நீ சந்தேகப்பட்ட. ஆபீஸ்ல ஆயிரம் பேர் சந்தேகப்படுவாங்க. உங்க அக்கா ஒரு வார்த்தை எங்கிட்ட கேக்கல. பெட்டியை எடுத்துக்கிட்டுப் போயிட்டா. அவளுக்குப் போன் போடு. ஸ்பீக்கர்ல போடு."

மண் டாக்டர் போட்டார். தாழ்வாரத்தில் நின்றபடியே சொன்னார். மூட்டை, சம்மட்டி, தான் போட்ட உத்தரவு, எல்லாவற்றையும். "திருட்டே நடக்கல அக்கா. நான்தான் கெடுத்தேன். நான்தான் மாமா மேல பழி போட்டேன்."

திருகாணி நழுவப் பார்த்தார். ரேடியோ வழியை அடைத்துக்கொண்டு அசையாமல் நின்றான்.

"அவர் அங்க இருக்காரா?" என்றது அக்காவின் குரல்.

"பக்கத்துலதான் இருக்கார்."

மறுமுனையில் ஏதோ பாத்திரம் வைக்கும் சத்தம். பிறகு, "சாப்பிட்டாரான்னு கேளு."

ஸ்டோர் கீப்பர் சுவரைப் பார்த்தபடியே, போனுக்குக் கேட்கும்படி மச்சினியிடம் சொன்னார். "நேத்துல இருந்து சாப்பிடலன்னு சொல்லு."

"அக்கா, அவர் நேத்துல இருந்து..."

"கேட்டுச்சு," என்றாள் அக்கா. "நான் பெட்டியை எடுத்துக்கிட்டுப் போறேன், அவரையும் கிளம்பி வரச் சொல்லு. நம்ம வீட்டுக்கு."